டெக்கில் பியர் கெக் வைக்கப்போகும் தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் வீடு வாங்கியிருக்கிறீர்கள், பின்னுக்கு டெக் (மரத்தளம்) இருக்கு, கோடையில் வேலையிடத்து ஆட்களும் சொந்தக்காரரும் வருவினம். மரத்தில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே கெக்கை, அதுதான் பியர் நிறைத்த பெரிய உலோகப் பீப்பாயை, வைத்து ஐஸ் கொட்டினால் நாள் முழுக்கக் குளிர்ந்த பியர் ஊற்றலாமோ என்று கேட்டிருந்தீர்கள்.

பெட்டி அடியுங்கள், ஆனால் ஐஸை நம்பி அடிக்காதீர்கள். இங்கே பெரிய கெக் 58.6 லீற்றர். 20 பாகையில் இருக்கிற அவ்வளவு பியரை 3 பாகைக்கு இறக்க மட்டுமே 12 கிலோவுக்கு மேல் ஐஸ் உருகவேணும். யூலை வெயிலில் அதை அப்படியே வைத்திருக்கத் தேவையான ஐஸ் வேற கணக்கு. அடுத்த நாள் பெட்டிக்குள் தண்ணிதான் நிக்கும், மரம் ஊறும்.

அதோட, 58.6 லீற்றர் என்றால் 341 மில்லிலீற்றர் போத்தல் 170க்கு மேல். எங்கட ஆட்களில் பாதிப்பேர் உங்கட கெக்கைப் பாராட்டிவிட்டு விஸ்கிப் பக்கம் போய்விடுவினம். 20 அல்லது 30 லீற்றர் கெக் எடுங்கள். பெரியது நிறைந்திருந்தால் 70 கிலோவுக்கு மேல் வரும், டெக் படியில் ஏற்றவே இரண்டு பேர் வேணும்.

கோடையில் ஒரேயொரு பார்ட்டிதான் என்றால் பெட்டியே வேண்டாம். குளிர வைத்த கெக்காக வாங்கி, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸோட நிழலில் வையுங்கள், கைப்பம்பை வாடகைக்கு எடுங்கள். கைப்பம்ப் உள்ளே தள்ளுவது வெறும் காற்று. காற்றுப் பட்ட பியர் அடுத்த நாளே சுவை கெடத் தொடங்கும், அதனால் அன்றைக்கே முடிக்கவேணும்.

அடிக்கடி ஆட்கள் வருவினம் என்றால்தான் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கு. எங்கட வீடுகளில் பேஸ்மென்டில் மீனும் ஆட்டிறைச்சியும் போட்டு வைக்கிற, மூடியை மேலே தூக்கித் திறக்கிற டீப் பிரீசர் இருக்குதே, அந்த மாதிரி ஒன்று எடுங்கள். வெளியில் பாவிக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கோ என்று பார்த்து வாங்குங்கள். அதன் வயரை ஒரு தேர்மோஸ்டாற் கன்ட்ரோலரில் செருகி, உணரியைக் கெக்கோடு ஒட்டி, 3 பாகைக்கு வைத்துவிட்டால் பிரீசர் உறையவிடாமல் தானாக நிண்டு நிண்டு ஓடும். வாங்கமுதல் உள்ளளவை அளந்து பாருங்கள். பெரிய கெக் கிட்டத்தட்ட 60 சென்ரிமீற்றர் உயரம், 40 சென்ரிமீற்றர் அகலம், தலையில் கப்ளர் (கெக்கின் வாயில் பூட்டுகிற இணைப்பு) ஏறினால் இன்னும் உயரும். கொம்பிறசருக்கு மேல் இருக்கிற மேடு வேற இடத்தைத் தின்னும்.

பியர் ஊற்றுகிற பைப்பைப் பூட்டுவதற்குப் பிரீசரின் சுவரில் துளை போடவே வேண்டாம். அந்தத் தகட்டுக்குப் பின்னால் குளிர்வாயு ஓடுகிற குழாய்கள் இருக்கு. இப்ப வருகிற பலதில் அந்த வாயு எளிதில் தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். மூடியைக் கழற்றி, பிரீசரின் வாய்க்கு மேல் நாலு பலகையால் ஒரு சட்டம் அடித்து வைத்து, அதன் மேல் மூடியைத் திரும்பப் பூட்டுங்கள். துளை அந்தப் பலகையில் மட்டும்தான். பலகையின் உட்பக்கம் கட்டி போம் ஒட்டுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட மரவேலையை வெளிப்பக்கம் எவ்வளவும் செய்யலாம், கொம்பிறசர் பக்கம் காற்றோட்டத்துக்கு இடம் விட்டால் சரி.

டெக்கில் கெக் வைத்த பல பேர் சொல்கிற குறை பியர் சூடு என்பதில்லை, முழுக்க நுரை என்பதுதான். கெக் குளிராகத்தான் இருக்கும். ஆனால் பெட்டிக்கு மேலே பைப்பைத் தாங்கி நிற்கிற, வெயிலில் காய்ந்த உயரமான கோபுரத்துக்குள்ளால் பியர் ஏறும்போது சூடாகி, கரைந்திருந்த வாயு வெளியே வரும். நான் கோபுரம் வேண்டாம், பலகைச் சட்டம் போதும் என்று சொல்வது இதற்காகத்தான். கெக்கிலிருந்து பைப்புக்குப் போகிற ஹோஸ் முழுக்கக் குளிருக்குள்ளேயே இருக்கும், பைப்பின் வாய் மட்டும் வெளியில் நீட்டும். பிரீசருக்குள் குளிர் அடியில் தங்கும், மேலே சூடாக இருக்கும். பழைய கொம்பியூட்டர் விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டால் அதுவும் சரி. இதில் பியரைத் தள்ளுவது கைப்பம்ப் இல்லை, சிலிண்டரில் இருக்கிற காபனீரொட்சைட்டு வாயு; அதன் அழுத்தம் 10 முதல் 12 பிஎஸ்ஐ. ஹோஸ் உள்விட்டம் 3/16 அங்குலம், நீளம் 8 அல்லது 10 அடி. நுரை வருகிறது என்று அழுத்தத்தைக் குறைக்கப் போகாதீர்கள், இரண்டு நாளில் பியர் சப்பென்று ஆகிவிடும். இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஹோஸைக் கழுவவேணும்.

கரண்டுக்கு ஜிஎஃப்சிஐ (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டுகிற பாதுகாப்பு) உள்ள வெளி பிளக். எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்லுக்குள்ளால் இழுக்க வேண்டாம். புதிதாக பிளக் போட ஆள் பிடிப்பதென்றால் ஒன்ராறியோவில் லைசென்ஸ் உள்ள எலெக்ரிக் கொன்ராக்டரைத்தான் பிடிக்கவேணும், அவர் மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து வேலை செய்வார்.

மே மாத விக்ரோரியா தினத்துக்கு வெளியே எடுத்து, ஒக்டோபர் தாங்ஸ்கிவிங்கோட உள்ளே கொண்டுபோங்கள். பிரீசருக்குக் குளிர்த்தத்தான் தெரியும், சூடாக்கத் தெரியாது. 5 வீத பியர் மைனஸ் 3 பாகைக்குக் கிட்டவே உறையத் தொடங்கும். எங்கட ஜனவரியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மூடிக்கு ஒரு கொளுக்கியும் போடுங்கள். மூடியைத் திறந்து கிளறுகிற ரக்கூனுக்காக ரொறன்ரோ நகரமே பூட்டு வைத்த பச்சைக் குப்பைத் தொட்டி கொடுத்திருக்கு.

உங்களோட வந்த தம்பிமாரில் ஜி2 (முழு லைசென்ஸுக்கு முந்தின படி) லைசென்ஸ்காரர் இருந்தால், அவையள் கார் ஓடுவதென்றால் ஒரு துளிகூட எடுக்கக்கூடாது. வயது எவ்வளவானாலும் பழகுநர் லைசென்ஸான ஜி1க்கும் ஜி2க்கும் இங்கே இரத்தத்தில் மதுவின் அளவு பூச்சியமாக இருக்கவேணும். ஊரில் இருபது வருசம் ஓடினவரும் இதில் மாட்டலாம், முதலே சொல்லி வையுங்கள்.

கெக் வாங்கப் போகமுதல் பியர் ஸ்டோர் கிளைக்குப் போன் எடுத்து இருப்புக் கேளுங்கள், எந்த வகைக் கப்ளர் என்றும் கேளுங்கள். இங்கத்தைய பியருக்குப் பெரும்பாலும் டி வகை, ஐரோப்பியப் பியர் சிலதுக்கு எஸ். வெறும் கெக்கை வெட்டி பார்பிகியூ அடுப்பாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் கட்டுவது டிப்போசிற் மட்டும்தான், கெக் மதுபான ஆலையின் சொத்து, அதைத் திருப்பிக் கொடுக்கவேணும்.