எழுத்து இல்லாத இன்காவை நாகரிகம் என்று எழுதலாமா?

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பேரரசு நடத்திய இன்காக்களைத் தாராளமாக அப்படி எழுதுங்கள். "பாடக்குறிப்பிலுள்ள நாகரிக அடையாளப் பட்டியலில் எழுத்து கட்டாயம் என்று இருக்கிறது, இன்காவிடம் அது இல்லையே, கட்டுரையிலிருந்து எடுத்துவிடவா" என்று கேட்டிருந்தீர்கள். எடுக்க வேண்டாம்.

அந்தப் பட்டியல் தொல்லியலாளர் கோர்டன் சைல்ட் 1950-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. நகரம், உபரி விளைச்சல், வரி, பெருங்கட்டடம், எழுத்து என்று 10 அடையாளங்களைச் சொன்னார். மெசபடோமியாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதைவைத்து மற்ற ஊர்களை அளந்தால்தான் இடிக்கும்.

எழுத்து என்ன வேலை செய்தது என்று பாருங்கள். மெசபடோமியாவின் உருக் நகரில் கிடைத்த பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலும் இருப்பது கதையோ கவிதையோ இல்லை. பார்லி, ஆடு, பீர் கணக்குதான். அதே வேலையை இன்காக்கள் கிப்பு என்ற முடிச்சுக் கயிற்றில் முடித்துக்கொண்டார்கள். 203 என்று குறிக்க வேண்டுமா? மேலே இரண்டு முடிச்சு, பத்தின் இடத்தில் வெற்றுக் கயிறு, நுனிப்பக்கம் மூன்று சுற்றுள்ள ஒரு நீள முடிச்சு. பூஜ்யத்துக்கு வெறும் இடைவெளி! எனக்கு இது இன்றும் வியப்புதான்.

கட்டுரையில் "எழுத்து" என்பதை "பதிவு முறை" என்று விரித்து, ஏன் விரித்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இடம் இருந்தால் சிந்துவெளியையும் தொடுங்கள்: அங்கே குறிகள் உண்டு, இன்னும் வாசிக்க முடியவில்லை, அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கட்டடமும் இல்லை. இருந்தும் அதை நாகரிகங்களின் வரிசையிலிருந்து யாரும் நீக்குவதில்லை.