சென்னை கடற்கரை–தாம்பரம் தடத்தில் இன்னும் நாலு மின்சார ரயில் விட்டால் என்ன?

வண்டி வாங்கிவிடலாம், அது ஓட இடம் வேண்டுமே! முன்னால் போகும் ரயில் சிக்னலைத் தாண்டினால்தான் அடுத்தது நகரும். மாம்பலத்தில் கூட்டம் ஏறி இறங்க அரை நிமிடம் கூடினாலும் பின்னால் வருபவை வரிசையாகத் தேங்கும். அப்புறம், தாம்பரத்தில் வண்டி திரும்ப நடைமேடை காலியாக இருக்க வேண்டும்.

புதுத் தடம் போடுவதும் லேசில்லை. கடற்கரை–எழும்பூர் நாலாவது தடம் வெறும் 4 கி.மீ. சொச்சம்தான். அதற்கே 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலை (மேம்பாலத் தடத்தில் ஓடுவது) கடற்கரை வரை விடாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். வேளச்சேரிக்காரர்கள் பட்ட பாடு தெரியுமே.

9 பெட்டியை 12 ஆக்கியது இதனால்தான்: தடம் அதே, ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம். என்னைக் கேட்டால், அடுத்த பணம் சிக்னலுக்குப் போகட்டும்.