தனியாக உட்கார்ந்தால் மனசு கனக்கிறது என்றவருக்கு

விடுமுறையில் தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மனசு கனத்து போனை எடுத்துவிடுகிறேன், எனக்குத் தனிமை ஒத்துவராதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படி முடிவு கட்டாதீர்கள். 2014-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், 6 முதல் 15 நிமிடம் வெறும் யோசனையோடு இருப்பதே பலருக்குப் பிடிக்கவில்லை. சும்மா இருப்பதுதான் கடினம். அதனால் கைக்கு வேலை கொடுங்கள்: எழுதலாம், துணி மடிக்கலாம். 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, போனை அடுத்த அறையில் விடுங்கள். பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் கை தானாகப் போகும். முதலில் நெளிவீர்கள், பெரும்பாலோர் எழுந்துவிடுவது அங்கேதான்.

முடிந்ததும் மனசு லேசாக இருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். ஒருவரின் முகமே திரும்பத் திரும்ப வந்தால் அது ஆளுக்கான ஏக்கம். இன்னும் தனியாக இருந்து அதைத் தீர்க்க முடியாது, அவரையே கூப்பிட்டுப் பேசுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.