பதில்: சட்ட ஆசிரியர்கள் இணையவழிப் பயிற்சியில் பாதியில் வெளியேறுகிறார்கள்

வணக்கம். மூடுல் (Moodle) என்னும் இணையவழிக் கற்பித்தல் மென்பொருளுக்காக நடத்திய மூன்று மணி நேர இணையவழிப் பயிற்சியில் ஆசிரியர்களும் அலுவலர்களும் பாதியிலேயே வெளியேறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மென்பொருளை மாற்ற வேண்டாம். இரு தரப்பையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன்.

ஆசிரியர்களிடம் மூடுலின் எல்லா வசதிகளையும் அடுக்காதீர்கள். அவரவர் பாடத்திலிருந்து ஒரு சிக்கலை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒப்பந்தச் சட்டம் என்றால், 'ஏற்புக் கடிதம் கெடு முடிந்தபின் வந்தது, ஒப்பந்தம் உண்டா?' என்று ஒரு கேள்வி. மூடுலின் 'லெசன்' வசதியில், மாணவர் 'உண்டு' என்றால் ஒரு பக்கமும் 'இல்லை' என்றால் வேறு பக்கமும் திறக்கும்படி அமைக்கலாம். தவறான விடை ஏன் தவறு என்று விளக்கம் எழுதத் தொடங்கும்போதுதான் ஆசிரியருக்கு ஆர்வம் பிறக்கும். அதற்குத் தாராளமாக நேரம் கொடுங்கள்.

அலுவலர்களுக்குத் தனியாக அரை மணி நேரம் போதும்: மாணவர் சேர்க்கை, மதிப்பெண் பதிவு. கூடவே ஒன்று, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் செய்த தீர்ப்பு நகல் வெறும் படம்தான். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருள் அதில் எழுத்தையே காணாது. படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரி (OCR) மென்பொருளில் மாற்றி, சரிபார்த்த பிறகே பதிவேற்றப் பழக்குங்கள்.