பின்னால் ஆள் ஏறினால் பைக் இடிக்கிறது, ஹெவி ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

கேள்வி: தனியாகப் போனால் வண்டி நன்றாக இருக்கிறது. மனைவி ஏறினால் ஸ்பீடு பிரேக்கரில் பின்பக்கம் டங்கென்று இடிக்கிறது. ஹெவி ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள். உங்கள் ஷாக் அப்சார்பரிலேயே இதற்கு வழி இருக்கிறது. நம் பக்கம் ஓடும் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் பின்னால் இரண்டு ஷாக் இருக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிக்கட்டு போல வெட்டிய வளையம் ஒன்று தெரியும், வழக்கமாக ஐந்து படி. அதைத் திருப்பிப் படியை ஏற்றலாம், இறக்கலாம். மன்னார்குடி, திருவாரூர் பக்கம் நான் பார்க்கும் வண்டிகள் பலவும் ஷோரூமில் வைத்த படியிலேயே கடைசிவரை ஓடுகின்றன. எனக்கு அது ஆதங்கம்தான், ஏனென்றால் இரண்டு நிமிட வேலை இது.

ஓட்டுபவரின் எடை முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் பிரியும். பின்னால் உட்காருபவர் கிட்டத்தட்ட பின்சக்கர அச்சுக்கு நேர் மேலே இருக்கிறார். அவர் எடை ஏறக்குறைய முழுவதும் பின்ஷாக்கில் இறங்கும். ஒல்லியான ஆள் ஏறினாலும் வண்டி சட்டெனத் தாழ்வது அதனால்தான். குறுவைக்கு உரம் எடுக்கப் போகிறவர்களுக்கும் இதே கதை. யூரியா மூட்டை 45 கிலோ, அதைப் பின்சீட்டில் கட்டினால் ஒரு ஆள் ஏறிய மாதிரிதான்.

படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அதே ஸ்பிரிங்தான். முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தி வைக்கிறோம், அவ்வளவுதான். அதே எடைக்கு வண்டி குறைவாகத் தாழும், மேட்டில் ஷாக் அமுங்க இடம் மிச்சம் இருக்கும். டெல்டாவில் வாய்க்காலுக்கு வாய்க்கால் ஒரு சின்னப் பாலம் மேடாக நிற்க, இரண்டு பக்கமும் தார் தாழ்ந்து கிடக்கும். அந்த மிச்ச இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு பாலத்திலும் இடி வாங்க வேண்டியதுதான்.

எந்தப் படி என்பதை அளந்து முடிவு செய்யுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரம் தரையில் படாமல், அச்சு நட்டிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு குறி வரை தையல்காரர் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அப்புறம் ஸ்டாண்டை எடுத்து இருவரும் உட்கார்ந்து, கால்களை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே தூரத்தை அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி தாழும் அளவு. சக்கரம் மொத்தம் 100 மி.மீ. மேலே கீழே போகும் வண்டியென்றால் 30 மி.மீ.யை ஒட்டி இருப்பது நல்லது. அதைவிட அதிகமாகத் தாழ்ந்தால் ஒரு படி ஏற்றி மறுபடி அளங்கள்.

திருப்புவதற்கு, வண்டியோடு தரும் கொக்கி ஸ்பேனர் போதும். சென்டர் ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். ஒன்றிலிருந்து நேரே ஐந்துக்கோ, ஐந்திலிருந்து ஒன்றுக்கோ தாண்டவிட்டால் ஷாக் கெடும். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. வயல் சேறு காய்ந்து வளையம் இறுகியிருந்தால் முதலில் கழுவுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். இருவர் போவதற்கான அளவு தனி, பல வண்டிகளில் செயின் கவரிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். பின்பக்கம் தாழ்ந்து ஓடினால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். இரவில் கும்பகோணம் சாலை மாதிரி நெரிசலான ரோட்டில் அது ஆபத்து. படி மாற்றிய பிறகு லைட்டையும் ஒருமுறை சரிபாருங்கள்.

மனைவியை இறக்கிவிட்டுத் தனியாக நெடுந்தூரம் திரும்புவதானால் படியைப் பழையபடி இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் பின்சக்கரம் துள்ளும்.

ஐந்தாவது படியிலும் இடித்தால் ஷாக் தண்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். கசிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், கம்பெனி அளவிலேயே. ஹெவி ஸ்பிரிங் மட்டும் போட்டால், அது திரும்பி எழும் வேகத்தைப் பழைய ஷாக்கின் எண்ணெயால் அடக்க முடியாது. ஏறியவரைத் தூக்கிப் போடும்.