கமிட் விழுகிறது, போஸ்ட்-கமிட் ஸ்கிரிப்ட் மட்டும் ஓடவில்லை, ஏன்?

கல்முனையிலிருந்து கேட்ட தம்பி, கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட், அதாவது மாற்றத்தின் பதிவு, ஒழுங்காக விழுகிறது, அதன் பிறகு ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் மட்டும் சத்தமில்லாமல் கிடக்கிறது என்கிறீர்கள். இப்படிக் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு ஹூக் என்று பெயர். முதலில் ஹூக்ஸ் ஃபோல்டரில் ஃபைலின் பெயரைப் பாருங்கள்: வெறும் 'போஸ்ட்-கமிட்', பின்னால் '.எஸ்எச்' கூட ஒட்டக்கூடாது. லினக்ஸ் என்றால் சிஎச்மோட் பிளஸ் எக்ஸ் போட்டு இயக்க அனுமதியும் கொடுக்க வேண்டும், பாதிப் பேர் இதிலேதான் மாட்டுவது.

எனக்கு மட்டக்களப்பு கல்லடியில் அரை நாளைத் தின்றது வேறொன்று. விண்டோஸ் லேப்டொப்பில் எழுதியதைப் பென்டிரைவில் கொண்டுபோய் லினக்ஸ் மெஷினில் போட்டேன். முதல் வரியின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வந்ததால், ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் எங்கே இருக்கிறது என்றே மெஷினுக்குத் தெரியவில்லை. 'கேட் -ஏ' (பெரிய ஏ) கொடுத்தால் வரி முடிவில் ^எம் என்று தெரியும், டாஸ்2யுனிக்ஸ் ஓட்டினால் போய்விடும்.

இன்னொன்று, இந்த ஸ்கிரிப்ட் தோற்றாலும் கமிட் நிற்காது, அது ஓடும் நேரத்தில் கமிட் முடிந்துவிட்டதே. தடுக்க வேண்டுமென்றால் கமிட்டுக்கு முன்னே ஓடும் ப்ரீ-கமிட்தான். என்ன நடக்கிறதென்று பார்க்க, வருகிற எல்லாவற்றையும் ஒரு லொக் ஃபைலுக்குத் திருப்பிவிடுங்கள். அப்புறம், குளோன் (ப்ரொஜெக்டின் பிரதி) எடுக்கும்போது ஹூக் கூடவே வராது, ஹூக்குகள் எந்த ஃபோல்டரில் என்று சொல்லிவைக்கக் கிட் 2.9 முதல் கோர்.ஹூக்ஸ்பாத் என்ற செட்டிங் இருக்கிறது, ஆனால் அதையும் ஒவ்வொருவரும் தங்கள் மெஷினில் ஒருமுறை வைக்கத்தான் வேண்டும்.