கணவரின் ஒழுங்கு: குணமா, கோளாறா?

கேள்வி: எனக்கு 32 வயது. கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறோம். கணவருக்கு 37, கணக்காளர். சட்டைகள் நிற வரிசையில் தொங்க வேண்டும், சரக்கு டப்பாக்களின் லேபல் முன்னால் பார்த்து நிற்க வேண்டும். கறண்ட் பில்லை மூன்று தடவை சரிபார்ப்பார். அறிக்கைகளைத் திருத்தித் திருத்தியே கொடுக்க வேண்டிய நாளைத் தவறவிடுகிறார். போன கிழமை, எழுத்து வளைந்திருக்கிறது என்று ஆறு வயது மகளின் கொப்பித் தாளைக் கிழித்துவிட்டார். ஓசிடி என்ற மனநோய் என்கிறது ஒரு வீடியோ. நார்சிசிஸ்ட், அதாவது தன்னையே பெரிதாக நினைப்பவர், என்கிறாள் தோழி. இது குணமா, வருத்தமா? குளிசையால் மாறுமா? மகளுக்கும் வருமா?

பதில்: சகோதரி, நேரில் பார்க்காத ஒருவருக்கு வருத்தத்தின் பெயரைச் சூட்டுவது தவறு. வீடியோவும் தோழியும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல முடியும்.

உயரம்போலக் குணமும் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கும் ஒன்று. உளவியலில் அதை ஐந்து கோடுகளில் அளப்பார்கள்: புதியதை நாடுதல், கடமையுணர்வு, கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்குதல். உங்கள் கணவரிடம் கடமையுணர்வு கூடுதலாக இருக்கிறது. கணக்காளருக்கு அது மூலதனம்போல. ஆகவே சட்டை வரிசையையும் டப்பா லேபலையும் இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். அவற்றால் யாருக்கும் கேடில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு: நாள் தவறிய அறிக்கை, கிழிந்த தாள். வேலையைச் சரியாக முடிப்பதற்காக வந்த ஒழுங்கு அந்த வேலையையே முடிக்க விடவில்லை. பிள்ளை நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசை பிள்ளையையே காயப்படுத்தியது. குணம் கோளாறின் பக்கம் நகர்கிறதா என்று இப்படிப்பட்ட இடங்களில்தான் பார்ப்போம். குணம் எவ்வளவு கூடுதல் என்பதைவிட, தேவைப்படும்போது அவரால் அதைத் தளர்த்த முடிகிறதா என்பதே கேள்வி. விருந்தினர் வரும் நாளில், காய்ச்சல் நாளில், மேலதிகாரி “இது போதும், அனுப்புங்கள்” என்ற பிறகும் தளர்த்த முடியவில்லையா?

இதை ஆளுமைக் கோளாறு, அதாவது குணமே கோளாறாகிவிட்ட நிலை, என்று சொல்ல இன்னும் சில விடயங்கள் சேர வேண்டும். பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தொடங்கி நீடித்திருக்க வேண்டும். வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களில் தெரிய வேண்டும். அவருக்கோ மற்றவர்களுக்கோ துன்பம் தர வேண்டும் அல்லது வாழ்க்கையை முடக்க வேண்டும். ஊர் வழக்கத்தாலோ சூழ்நிலையாலோ விளங்கிக்கொள்ளக் கூடியதாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நம் மக்கள் விடயத்தில் மறக்கவே கூடாது. இடம்பெயர்ந்து எல்லாவற்றையும் இழந்த குடும்பத்தில் ஒவ்வொரு பத்திரத்தையும் பைலில் போட்டு வைப்பது நோயல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிவாயு வரிசையில் நின்றவர் பில்லைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் நோயல்ல. கல்யாணத்துக்கு முன் எப்படி இருந்தார் என்று மாமியாரிடமோ மைத்துனரிடமோ இதமாகக் கேட்டுப் பாருங்கள்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, கோளாறு இருந்தால் அது இலேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றே முதலில் பார்க்கச் சொல்கிறது. இரண்டு வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. கோளாறு என்ற எல்லைக்கு இந்தப் பக்கம் ‘ஆளுமைச் சிக்கல்’ என்ற படியும் உண்டு. அது நோய் அல்ல, ஆனாலும் உதவி கேட்கலாம். அமெரிக்க முறை பத்து வகைகளாகப் பிரிக்கிறது; அவற்றில் ஒன்று அதீத ஒழுங்குசார் ஆளுமைக் கோளாறு. அதன் எட்டு அடையாளங்களில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும்: நுணுக்கத்தில் மூழ்கி நோக்கத்தை மறத்தல், பிறரை நம்பி வேலை ஒப்படைக்க முடியாமை, கையிறுக்கம், பிடிவாதம் போன்றவை.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழல் நோய் வேறு. ஆங்கிலத்தில் இரண்டின் பெயரும் ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. எண்ணச் சுழல் நோயில் வேண்டாத எண்ணம் வந்து நெருக்கும்; அதைத் தணிக்கக் கழுவுவார், எண்ணுவார், பூட்டைப் பார்ப்பார். பெரும்பாலும் “இது அர்த்தமில்லை, ஆனால் விட முடியவில்லை” என்று அவரே சொல்வார். ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அதில் போகலாம். ஆளுமைக் கோளாறாக இருந்தால் “நான் செய்வதுதான் சரி, நீங்கள்தான் அசட்டை” என்பார். மூன்றாம் தடவை பில்லைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அமைதியான நேரத்தில் கேளுங்கள். ஏதோ கேடு நடக்கும் என்ற பயமா, ஒழுங்கு தப்பும் என்ற எரிச்சலா? அந்தப் பதில் வைத்தியருக்குப் பெரிதும் உதவும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு. நார்சிசிஸ்ட் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் எதுவும் இல்லை.

இந்தக் கண்டிப்பு அண்மைய சில மாதங்களில்தான் தொடங்கியது என்றால் மேலே சொன்னவற்றை விட்டுவிட்டு, மனச்சோர்வு, மதுப் பழக்கம், தைரொயிட், தலையில் பட்ட அடி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். முப்பத்தேழு வயதில் ஆளுமை திடீரென்று புதிதாக முளைப்பதில்லை.

செய்ய வேண்டியது: இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு நேரம் போனது, யாருக்கு என்ன நட்டம். கருத்து எழுத வேண்டாம். பிறகு கோபம் இல்லாத ஒரு நேரத்தில் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்: “தாளைக் கிழித்த இரவு பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள்” என்பதுபோல, உண்மையில் நடந்ததை. “உங்களுக்குக் கோளாறு” என்றால் கதவு மூடிவிடும். வேறு காரணம் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப் போகவும் வேண்டாம். முதல் நாளே வைத்தியர் மீதான நம்பிக்கை போய்விடும். நாள் தவறும் அறிக்கைகள் அவருக்கும் வேதனையாகத்தான் இருக்கும், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

அவர் சம்மதித்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் உளநல கிளினிக்குக்கோ அங்கொடை தேசிய மனநல நிறுவகத்துக்கோ போகலாம். தமிழில் பேசக்கூடியவர் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒரே சந்திப்பில் முடிவு சொல்லக்கூடிய விடயம் அல்ல இது.

ஆளுமையை மாற்றும் குளிசை கிடையாது. மனச்சோர்வோ எண்ணச் சுழல் நோயோ கூட இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு, நன்றாக உதவும். ஆளுமைக்குப் பேச்சுச் சிகிச்சை. அதில் செய்வதன் சாயல் இப்படி இருக்கும்: ஒரு மின்னஞ்சலுக்கு 20 நிமிடம், மணி அடித்ததும் அனுப்பிவிடுவது. அனுப்பும்போது பதற்றம் பத்துக்கு எத்தனை, ஒரு மணித்தியாலம் கழித்து எத்தனை என்று எழுதுவது. பயந்தது நடந்ததா என்று மறுநாள் பார்ப்பது. சின்ன விடயத்தில் தொடங்க வேண்டும். நேரடியாகச் சம்பளக் கணக்கில் தொடங்கினால் தோற்றுப்போய் “எனக்கு இது சரிவராது” என்று விட்டுவிடுவார்கள். மாற்றம் மாதக்கணக்கில் வரும். நீங்களும் சண்டைக்குப் பயந்து அவர் வருமுன் டப்பாக்களைத் திருப்பி வைப்பவராக இருந்தால், அவரிடம் சொல்லிவிட்டு ஒரு தட்டில் மட்டும் அதை நிறுத்துங்கள்.

அடி, மிரட்டல், உங்கள் பணத்தைப் பறித்து வைத்தல் இருந்தால் எந்தக் கோளாறும் அதற்குச் சாட்டு ஆகாது. மகளிர் உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி யாராவது பேசினால், இரவு பகல் பாராமல் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். குண வேறுபாடுகளில் ஏறத்தாழப் பாதிக்குப் பரம்பரை காரணம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். அது பெருந்தொகையான மக்களைப் பற்றிய கணக்கு. உங்கள் பிள்ளையின் தலையெழுத்து அல்ல. ஆறு வயதில் எந்த முத்திரையும் குத்த முடியாது. கொப்பி அவளுடையது, அதை இனி யாரும் கிழிப்பதில்லை என்ற ஒரு விதியை மட்டும் இன்றைக்கே இருவரும் பேசி முடிவெடுங்கள். தாளைக் கிழித்ததற்கு அப்பா அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க முடிந்தால், பிழை விட்டவர் திருத்திக்கொள்ளலாம் என்பதை அவள் அவரிடமிருந்தே கற்றுக்கொள்வாள்.